கார்வெட் போல்ட்டுகளை நான் கொடுத்த முலாம் பட்டறை

என் 1966 கார்வெட் காரின் உடல் ஃபைபர்கிளாஸ், துரு பிடிக்காது. ஆனால் அடியில் இருக்கிற ஃபிரேம், பிராக்கெட், போல்ட் எல்லாம் இரும்புதானே. ஒரு வாளி நிறைய போல்ட்டுகளையும் பிராக்கெட்டையும் இந்த முலாம் பட்டறையில் கொடுத்தேன்.

போல்ட்டுகளுக்குத் துருவைத் தடுக்கப் போடும் கருப்பு பாஸ்பேட் பூச்சு வேலை பிரமாதம். 90 டிகிரிக்கு மேல் சூடான கரைசலில் ஊறவைத்து, எண்ணெயில் முக்கித் தருகிறார்கள். கையில் எடுத்தால் கரி மாதிரி மங்கலான கருப்பு, துளிப் பளபளப்பு கிடையாது, தலையில் பொறித்த எழுத்துகூட மழுங்கவில்லை. அமிலத்தில் கழுவிய உறுதியான போல்ட்டுகளைச் சும்மா விட்டால் உள்ளே புகுந்த ஹைட்ரஜனால் திடீரென்று முறியலாம், அதனால் அவற்றைச் சூளையில் சில மணி நேரம் வைத்தே தந்தார்கள், நான் கேட்காமலே.

சரி, குறையையும் சொல்லிவிடுகிறேன். பிராக்கெட்டில் எர்த் வயர் பிடிக்கிற இடத்தையும் சேர்த்து, மின்சாரம் கடத்தாத பவுடர் கோட்டிங் (பொடி பெயிண்ட்) அடித்துவிட்டார்கள். ஃபைபர்கிளாஸில் மின்சாரம் ஓடாது, எர்த்துக்கு அந்த வயரைத்தான் நம்பியிருக்கிறோம். பின்விளக்கு மங்கலாக எரிய, இரண்டு நாள் தேடி, கடைசியில் நானே அந்த இடத்தைச் சுரண்டினேன். கொடுக்கும்போதே அங்கே டேப் ஒட்டிக் கொடுங்கள். போல்ட்டுகளுக்கு மறுபடியும் இங்கேதான் போவேன்.