சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்க்க: பசுமைத் தீர்ப்பாயமா, உயர் நீதிமன்றமா?

ஊர்ப் பக்கம் வரப்போகும் ஆலைக்கோ குவாரிக்கோ சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்துவிட்டார்கள். எதிர்த்து வழக்குப் போட வேண்டும். தமிழ்நாட்டுக்காரருக்கு இரண்டு வழி: சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, இல்லையென்றால் அரசமைப்புச் சட்டத்தின் 226-ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு.

அனுமதி ஆணையை மட்டும் எதிர்ப்பதானால் என் ஓட்டு தீர்ப்பாயத்துக்கே. அங்கே நீதித்துறை உறுப்பினரோடு நிபுணர் உறுப்பினரும் உட்காருகிறார். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையில் ஓர் ஓடையே காணாமல் போயிருக்கிறது, கருத்துக்கேட்பில் மக்கள் சொன்னது பதிவாகவில்லை என்றால், அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டி வாதாடலாம். உயர் நீதிமன்றம் சட்டமும் நடைமுறையும் மீறப்பட்டனவா என்று பார்க்கும்; அறிவியல் சண்டைக்குள் இறங்கப் பெரும்பாலும் தயங்கும்.

ஆனால் நாள் கணக்கில் தீர்ப்பாயம் கறார். 2010-ஆம் ஆண்டுப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு மேல்முறையீட்டுக்குத் தருவது 30 நாள். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். அதற்குப் பிறகு எவ்வளவு நியாயமான காரணம் சொன்னாலும் எடுபடாது. (நிறுவனம் நாளிதழில் போடும் அனுமதி விளம்பரத்தை ஊரில் எத்தனை பேர் பார்ப்பார்கள்?) ரிட் மனுவுக்கு இப்படிக் கெடு கிடையாது, தாமதத்துக்கு விளக்கம் சொன்னால் கேட்பார்கள். தென் மாவட்டத்துக்காரருக்கு மதுரைக் கிளையும் இருக்கிறது. தீர்ப்பாயம் வந்ததால் 226-ஆம் பிரிவு அதிகாரம் போய்விடவில்லை என்று 2022-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இருந்தாலும், “மாற்று வழி இருக்கும்போது இங்கே ஏன் வந்தீர்கள்?” என்ற கேள்விக்குப் பதிலோடுதான் போக வேண்டும்.

இடம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்டெர்லைட்டைவிடத் தெளிவான வழக்கு இல்லை. அங்கே வழக்காடியது ஆலை நிர்வாகம். 2018 ஏப்ரலில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலையை இயக்குவதற்கான இசைவைப் புதுப்பிக்க மறுத்தது. மே 22 துப்பாக்கிச் சூட்டுக்குப் பின், மே 28 அன்று நிரந்தர மூடலுக்கு அரசாணை வந்தது. நிறுவனம் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போய் டிசம்பரில் வென்றது. இரண்டே மாதத்தில், 2019 பிப்ரவரி 18 அன்று, உச்ச நீதிமன்றம் அந்த வெற்றியை ரத்து செய்தது. ஆலை நல்லதா கெட்டதா என்பதற்குள் அது போகவே இல்லை. வாரிய ஆணைக்கு முதலில் மேல்முறையீட்டு ஆணையம் இருக்கிறது, அதைத் தாண்டிக் குதிக்க முடியாது. அரசாணையைச் செல்லாது என்று சொல்லும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு இல்லை. உயர் நீதிமன்றத்துக்குப் போங்கள் என்றது. போனார்கள். 2020 ஆகஸ்ட் 18 அன்று அங்கே தோற்றார்கள், 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றத்திலும்.

எனவே கையில் இருக்கும் தாள் எது என்று முதலில் பாருங்கள். சுற்றுச்சூழல் அனுமதி என்றால் தீர்ப்பாயம். அரசாணை, விதி, அறிவிக்கை என்றால் உயர் நீதிமன்றம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், எந்தெந்தச் சட்டங்களின் வழக்கைத் தீர்ப்பாயம் விசாரிக்கலாம் என்று சொல்லும் அட்டவணையில் இல்லை என்பதும் பலருக்குக் கடைசியில்தான் தெரியவருகிறது.

சென்னை–சேலம் எட்டுவழிச் சாலையில் அனுமதி வருவதற்கு முன்பே நிலம் எடுக்க அறிவிக்கை வந்தது. மேல்முறையீடு செய்ய அனுமதி ஆணையே இல்லாததால் விவசாயிகள் உயர் நீதிமன்றம் போனார்கள். 2019 ஏப்ரல் 8 அன்று அறிவிக்கை ரத்தானது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது: நிலம் எடுக்கும் அறிவிக்கைக்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை என்றது. அனுமதி என்று ஒன்று வந்தால், தீர்ப்பாயத்துக்குப் போக அன்றிலிருந்து 30 நாள்.