டர்பனில் தலை சாயும் ஊசி: ஒரு மின்காந்தச் செய்முறைப் பெட்டியின் மதிப்புரை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் பள்ளிப் பொருள்கள் விற்கும் கடை ஒன்றில், ஜனவரி மாதப் பள்ளித் திறப்பு நெரிசலுக்கு நடுவே, மின்னோட்டத்தின் காந்த விளைவுகளைச் செய்து பார்ப்பதற்கான பெட்டி ஒன்றை 640 ராண்டுக்கு வாங்கினேன். என் மகள் இந்த ஆண்டு பதினோராம் வகுப்பு. மின்னோட்டம் செல்லும் கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாவதும் ஃபாரடேயின் விதியும் இந்த ஆண்டுப் பாடத்தில் வருகின்றன. மோட்டாரும் ஜெனரேட்டரும் அடுத்த ஆண்டு மெட்ரிக்கில், அதாவது பன்னிரண்டாம் வகுப்பில், வரும். பெட்டி தமிழ்நாட்டில் தயாரானது. உள்ளே இருக்கும் கையேட்டில் ஒரு பாதி ஆங்கிலம், மறு பாதி தமிழ். தயாரித்தவர் பெயரை இங்கே எழுதவில்லை, ஏனென்றால் நான் சொல்லப்போகும் குறைகளில் முதன்மையானது, பூமியின் வட பாதியில் தயாராகி இங்கே வந்து சேரும் பெரும்பாலான பெட்டிகளுக்கும் பொருந்தக்கூடியது.

பெட்டிக்குள் இருப்பவை: இரண்டு பெரிய டார்ச் செல்களுக்கான கூடு, ஒரு ஓம் மின்தடை, 3 ஆம்பியர் வரை காட்டும் அம்மீட்டர், 40 செ.மீ. நீளமுள்ள நேர்க்கம்பியைத் தாங்கும் மரச்சட்டம், ஒரு வரிச்சுருள், அதற்குள் நுழைக்கத் தேனிரும்புத் தண்டு, எனாமல் பூசிய செம்புக் கம்பி, வளையக் காந்தம், இரும்புத்தூள், மின்சார மணி, திசைகாட்டி. செல் கொடுக்கவில்லை. மரச்சட்டமும் அம்மீட்டரும் இந்த விலைக்கு எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருக்கின்றன. அந்த ஒரு ஓம் மின்தடையை வைத்தவரை மனமாரப் பாராட்ட வேண்டும். மலிவான பெட்டிகளில் செல்லின் இரு முனைகளையும் கம்பியால் நேரே இணைக்கச் சொல்லிவிடுவார்கள், கம்பி கொதிக்கும், செல் பத்து நிமிடத்தில் செத்துப்போகும். இதில் புதிய செல் போட்டால் ஏறக்குறைய 2 ஆம்பியர் கிடைக்கிறது, சில நிமிடங்களுக்கு அது பெரிதாக இறங்குவதுமில்லை.

முதல் செய்முறை, எல்லாரும் எதிர்பார்ப்பதைப் போலவே, 1820இல் கோபன்ஹேகனில் ஓர்ஸ்டெட் என்ற அறிவியலாளர் கண்டது. திசைகாட்டிக்கு மேலே, ஊசி நிற்கும் திசையிலேயே, அதாவது தெற்கு வடக்காக, கம்பியை நீட்டி மின்னோட்டத்தைச் செலுத்தினால் ஊசி விலக வேண்டும். திசைகாட்டியை மேசையில் வைத்ததுமே சிக்கல் தொடங்கியது. ஊசி சுழலவில்லை. பெட்டியைத் தட்டினால் நான்கு பாகை நகர்ந்து எங்கோ ஒரு கோணத்தில் ஒட்டிக்கொண்டது. மேசைக்குப் பக்கத்து ஜன்னலில் இந்த ஊர் வழக்கப்படி இரும்புக் கம்பி அடித்திருப்பதால் அதுதான் இழுக்கிறது என்று நினைத்து, எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வீட்டின் நடுக்கூடத்திற்குப் போனோம். அங்கும் அதே கதை. மகள்தான் கண்ணைத் திசைகாட்டியின் விளிம்பு மட்டத்திற்கு இறக்கிப் பார்த்துவிட்டு, "அப்பா, ஊசி ஒரு பக்கம் தலையைச் சாய்ச்சிருக்கு, அடித்தட்டுல உரசுது" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பூமியின் காந்தப்புலம் எல்லா இடத்திலும் தரைக்கு இணையாக இருப்பதில்லை. காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. 1963இல் திருவனந்தபுரத்துக்கு அருகே தும்பாவில் ராக்கெட் தளம் அமைக்க அந்த இடத்தைத் தேர்ந்ததற்கும் அதுவே காரணம். அந்தப் பகுதியில் புலம் ஏறக்குறைய கிடைமட்டமாகவே இருப்பதால், நடுவில் சரியாகத் தாங்கிய ஊசி எந்தப் பக்கமும் சாயாது. டர்பனிலோ காந்தச் சரிவு, அதாவது புலம் தரையோடு உண்டாக்கும் கோணம், 60 பாகைக்கும் மேல். புலம் தரைக்குள்ளிருந்து செங்குத்துக்கு நெருக்கமான கோணத்தில் மேலே கிளம்புவதால், ஊசியின் தென்முனை கீழே இழுக்கப்படுகிறது. அந்த ஊரில் ஒழுங்காகச் சுழன்ற ஊசி இந்த ஊரில் அடித்தட்டில் மூக்கை உரசிக்கொண்டு நிற்பதற்கு இதுவே காரணம். ஐரோப்பாவில் விற்கும் திசைகாட்டியாக இருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும், ஏனென்றால் அங்கே வடமுனை கீழே சாய்வதைச் சரிக்கட்டத் தென்முனையின் பக்கம் எடை கூட்டியிருப்பார்கள்.

பெட்டியிலுள்ள திசைகாட்டி முழுவதும் ஒட்டி மூடப்பட்டது. திறக்க முடிந்திருந்தால், வடமுனையின் பக்கம் ஒரு துளி பிரஸ்டிக் (சுவரில் காகிதம் ஒட்டும் பசைக்களிமண்) ஒட்டிச் சமன்செய்திருக்கலாம். திறக்க முடியாததால், ஒரு பக்கத்து அடியில் மடித்த காகிதத்தைச் செருகி, ஊசி உரசாத அளவுக்குப் பெட்டியையே சற்றுச் சாய்த்தோம். வேலை நடந்தது, ஆனால் கோணத்தைப் படிப்பது கண்ணுக்குச் சிரமம். மறுவாரம் டிராக்கன்ஸ்பர்க் மலையேறுவோருக்கான பொருள்களை விற்கும் கடைக்குப் போய், தென் பாதிக்கென்று சமன்செய்த திசைகாட்டி ஒன்றை வாங்கி வந்தேன். அதன் பிறகுதான் இந்தப் பெட்டி பெட்டியாகியது.

இனி சொல்வதுதான் இந்த மதிப்புரையை எழுதத் தூண்டியது. கையேட்டில் ஓர் அட்டவணை இருக்கிறது: கம்பிக்கும் ஊசிக்கும் இடையே 5 செ.மீ. இருக்கும்போது, 1 ஆம்பியருக்கு ஊசி சுமார் 6 பாகையும் 2 ஆம்பியருக்குச் சுமார் 11 பாகையும் விலகும் என்கிறது. புதிய திசைகாட்டியை வைத்து 2 ஆம்பியர் செலுத்தினோம். ஊசி 30 பாகையைத் தாண்டி நின்றது. அம்மீட்டர் தப்பு என்றேன். மகள் கம்பியின் உயரத்தை மறுபடியும் அளந்தாள்; 5 செ.மீ. சரியாகவே இருந்தது. சட்டத்தைத் திருப்பி மின்னோட்டத்தின் திசையை மாற்றினோம். மறுபக்கமும் 30க்கு மேல்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் கையேடும் பொய் சொல்லவில்லை, ஊசியும் பொய் சொல்லவில்லை. நீண்ட நேர்க்கம்பியில் 2 ஆம்பியர் ஓடினால் 5 செ.மீ. தொலைவில் உண்டாகும் காந்தப்புலம் 8 மைக்ரோடெஸ்லா (காந்தப்புலத்தின் வலுவை அளக்கும் அலகு). அது உலகத்தின் எந்த ஊரிலும் 8தான். ஆனால் ஊசி எவ்வளவு விலகும் என்பது அந்தப் புலத்தை மட்டும் பொறுத்ததன்று. ஊசியைத் தன் பக்கம் பிடித்து வைத்திருக்கும் பூமியின் கிடைத்தளக் கூறையும், அதாவது பூமியின் புலத்தில் தரைக்கு இணையான பங்கையும், பொறுத்தது, விலகல் கோணத்தின் டேஞ்சன்ட் இவ்விரண்டின் விகிதம். தென் தமிழ்நாட்டில் அந்தக் கூறு சுமார் 40 மைக்ரோடெஸ்லா. 8ஐ 40ஆல் வகுத்தால் 0.2, கோணம் 11 பாகை. டர்பனில் பூமியின் மொத்தப் புலமே 29 மைக்ரோடெஸ்லாவை ஒட்டித்தான், அதிலும் பெரும்பங்கு செங்குத்தாகப் போய்விடுவதால் கிடைத்தளத்தில் மிஞ்சுவது சுமார் 13. 8ஐ 13ஆல் வகுத்தால் கோணம் 31 பாகையை நெருங்குகிறது. தமிழ்நாட்டில் கல்லூரி ஆய்வகத்தில், ஊசியின் விலகலை வைத்து மின்னோட்டத்தை அளக்கும் டேஞ்சன்ட் கால்வனோமீட்டரைச் சமதளப்படுத்திக் களைத்தவர்களுக்கு இந்த விதி நினைவிருக்கும். நானும் அவர்களில் ஒருவன்தான், ஆனால் பூமியின் புலத்தை ஏட்டிலிருந்து பார்த்து எழுதும் ஒரு மாறிலியாகவே அப்போது எண்ணியிருந்தேன்.

தென் அட்லாண்டிக் பகுதியில் பூமியின் காந்தப்புலம் வலுக்குறைந்து கிடக்கிறது, தென்னாப்பிரிக்கா அதன் ஓரத்தில் இருக்கிறது. கேப் பகுதியில் ஹெர்மானஸ் ஊரிலுள்ள காந்த ஆய்வகம் 1941 முதல் இதை அளந்து வருகிறது. அங்கே புலத்தின் வலு குறைந்துகொண்டே வந்திருப்பதை அதன் பதிவுகள் காட்டுகின்றன. மொத்தப் புலத்தை வீட்டிலேயே சரிபார்க்க விரும்பினால், கைபேசியில் காந்தமானிச் செயலி ஒன்றை இறக்கி, இரும்பு எதுவும் இல்லாத இடத்தில் வைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டுத் தோட்டத்தில் 29ஐச் சுற்றி ஆடியது. ஜன்னல் கம்பிக்குப் பக்கத்தில் 50க்கும் மேலே போனது.

பாளையங்கோட்டையில் என் மைத்துனரும் தன் மகனுக்கு இதே பெட்டியைத்தான் வாங்கியிருக்கிறார். ஒரு சனிக்கிழமை, இங்கே மாலை ஐந்து மணி, அங்கே இரவு எட்டரை. இரு வீட்டிலும் காணொளி அழைப்பில் ஒரே நேரத்தில் கம்பியை 2 செ.மீ. உயரத்துக்கு இறக்கி, இம்முறை கிழக்கு மேற்காக வைத்தோம். கையேடு இதையும் செய்யச் சொல்கிறது, "ஊசி அசையாது" என்றும் எழுதியிருக்கிறது. கம்பியின் புலம் ஊசிக்கு நேரே இணையாக விழுவதால் பக்கவாட்டில் தள்ள ஒன்றுமில்லை என்பது அதன் கருத்து. பாளையங்கோட்டையில் எந்தத் திசையில் மின்னோட்டம் ஓடினாலும் ஊசி அசையவில்லை. எங்கள் வீட்டில் ஒரு திசையில் அசையவில்லை. மறு திசையில், ஒரு நொடி தயங்கிவிட்டு, முழுக்கத் திரும்பித் தெற்கே பார்த்து நின்றது. 2 செ.மீ. தொலைவில் கம்பியின் புலம் 20 மைக்ரோடெஸ்லா. அது 40ஐ வெல்லாது, ஆனால் 13ஐ வென்றுவிடும். "மாமா, உங்க ஊசி தூங்குதா?" என்று மகள் திரையைப் பார்த்துக் கேட்டபோது, மைத்துனர் தம் திசைகாட்டியைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார்.

கையேட்டின் தமிழ் குறித்தும் ஒரு சொல். விளக்கங்கள் தெளிவாகவே இருக்கின்றன, ஆனால் ஒரு பக்கத்தில் வரிச்சுருள் என்றும் அடுத்த பக்கத்தில் சாலினாய்டு என்றும் எழுதிக் குழப்புகிறார்கள். இந்த ஊர்ப் பிள்ளைகளில் பலர் தமிழைச் சனிக்கிழமை வகுப்பில் மட்டுமே படிக்கிறார்கள், இயற்பியலை ஆங்கிலத்தில். அவர்களுக்கு ஒரு பொருளுக்கு ஒரே சொல் இருந்தால்தான் கால் ஊன்ற முடியும்.

இரும்புத்தூள் செய்முறை படுதோல்வி. அட்டையின் நடுவே ஒற்றைக் கம்பியைச் செங்குத்தாகச் செலுத்தி, 2 ஆம்பியர் ஓடவிட்டு, தூளைத் தூவித் தட்டினால் வட்டங்கள் தோன்றும் என்று படத்தோடு போட்டிருக்கிறார்கள். தோன்றாது. கம்பியிலிருந்து ஒரு செ.மீ. தொலைவில்கூடப் புலம் 40 மைக்ரோடெஸ்லாதான். அது தூளை அடுக்கிவைக்கப் போதாது. பாடநூல்களில் காணும் அழகான வட்டங்கள் பல ஆம்பியர் ஓடும் கம்பியைச் சுற்றி எடுத்தவை. பெட்டியிலேயே இருக்கும் எனாமல் கம்பியை அகலமான சதுரச் சட்டமாக 30 சுற்றுச் சுற்றி, அதன் ஒரு பக்கத்தை மட்டும் அட்டையின் துளை வழியே விட்டோம். 30 கம்பிகளிலும் ஒரே திசையில் மின்னோட்டம் ஓடுவதால் விளைவு 30 மடங்கு. தட்டத் தட்ட, கம்பிக்கு அருகே வட்டங்கள் எழுந்தன. இந்த ஒரு வரியைக் கையேட்டில் சேர்த்திருந்தால் எத்தனையோ பிள்ளைகள் ஏமாற மாட்டார்கள்.

மோட்டாரிலும் ஒரு பிழை. செம்புக் கம்பியைச் சிறு வளையமாகச் சுற்றி, இரண்டு ஊக்குகளின் துளைகளில் அதன் முனைகளைத் தாங்கவிட்டு, கீழே வளையக் காந்தத்தை வைக்கும் எளிய மோட்டார் இது. இரு முனைகளிலும் எனாமலை உப்புத்தாளால் முழுக்கத் தேய்த்து எடுக்கச் சொல்கிறது கையேடு. அப்படிச் செய்தால் வளையம் ஊஞ்சல் போல இப்படியும் அப்படியும் ஆடி நின்றுவிடும், ஏனென்றால் அரைச்சுற்று முடிந்ததும் விசை எதிர்த்திசையில் திரும்பிவிடுகிறது. ஒரு முனையை முழுக்கத் தேய்த்து, மறுமுனையில் மேல்பாதியை மட்டும் தேய்க்க வேண்டும். அப்போது மின்னோட்டம் ஒவ்வொரு சுற்றிலும் பாதி நேரம் மட்டுமே ஓடி, மீதிப் பாதியை வளையம் தன் வேகத்திலேயே கடந்துவிடும். மகள் இரண்டாவது கம்பியை எடுத்து, நகத்தடி அகலத்துக்குப் பிளேடால் மெல்லச் சுரண்டினாள். விரலால் ஒரு சுண்டு; அதன் பிறகு கம்பி கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுழன்றது.

வரிச்சுருளும் தேனிரும்புத் தண்டும் சொன்னபடி நடந்துகொண்டன. மின்னோட்டத்தை நிறுத்தியதும் குண்டூசிகள் உடனே உதிர்ந்தன. மின்சார மணி அடித்தது, பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கும் வரை.

640 ராண்டுக்கு இந்தப் பெட்டியை நான் மறுபடியும் வாங்குவேன், ஆனால் இங்கே விற்கும் கடைக்காரர் அதிலுள்ள திசைகாட்டியை எடுத்துவிட்டுத் தென் பாதிக்கானதை வைத்து விற்க வேண்டும், இல்லையேல் வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கடையில் போய் இதைச் சொன்னேன். "ஊசி உரசுதுன்னு ஏற்கனவே மூணு பேர் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துட்டுப் போயிட்டாங்க, சரக்கே கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன்" என்றார். திருப்பி வந்த மூன்று பெட்டிகளும் கல்லாவுக்குப் பின்னால் அப்படியே இருந்தன. ஒன்றைத் திறந்து, அடியில் ஒரு காகிதத்தை மடித்துச் செருகி, ஊசி சுழல்வதை அவருக்குக் காட்டினேன்.