குட்டைக்கு எந்த டிஓ மீட்டர்: மெம்ப்ரேனா, ஆப்டிகலா?

வேதாரண்யம் பக்கம் இறால் குட்டைக்கு டிஓ மீட்டர் (தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்கும் கருவி) வாங்கப் போகிறவர்கள் முதலில் விலையைத்தான் கேட்கிறார்கள். மெம்ப்ரேன் வகை மலிவு, ஆப்டிகல் வகை எட்டாத விலை. சரி. ஆனால் வாங்கிய பிறகு அதை யார் பராமரிக்கப் போகிறார் என்று யாரும் கேட்பதில்லை.

மெம்ப்ரேன் புரோபின், அதாவது தண்ணீரில் இறக்கும் உணரியின், முனையில் மெல்லிய சவ்வு, உள்ளே எலக்ட்ரோலைட் (மின்சாரம் கடத்தும்) கரைசல். அளக்கும்போதே அது ஆக்சிஜனைத் தின்கிறது. தண்ணீரில் தொங்கவிட்டுச் சும்மா நின்றால் லிட்டருக்கு 5.1, 4.8, 4.5 மில்லிகிராம் என்று எண் இறங்கும். ஏரேட்டர் (தண்ணீருக்குக் காற்றூட்டும் இயந்திரம்) போடச் சொல்லி ஆளை எழுப்பிவிடுவோம். கேபிளைத் தூண்டில்போல மேலும் கீழும் ஆட்டினால் எண் பழைய இடத்துக்கே வரும். ஆப்டிகலுக்கு இந்த ஆட்டம் தேவையில்லை. முனையிலுள்ள கேப்பில் (மூடியில்) உள்ள சாயம் ஒளிரும் விதத்தை வைத்து அளப்பதால் ஆக்சிஜன் செலவாவதில்லை. குட்டையின் கறுப்புச் சேற்றிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடும் அதைத் தொந்தரவு செய்யாது. மெம்ப்ரேன் புரோபை அது கெடுக்கும். இன்னொன்று, போலரோகிராஃபிக் (மின்னழுத்தம் கொடுத்து அளக்கும்) மெம்ப்ரேன் மீட்டரை ஆன் செய்த பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். விடிகாலை நாலு மணிக்குக் கரண்ட் போய், இறால் மேலே மிதக்கும்போது அது நீண்ட நேரம்.

ஆனால் மெம்ப்ரேனில் கோளாறு கண்ணுக்குத் தெரியும். சவ்வுக்கு அடியில் கடுகளவு குமிழி சிக்கினாலே எண் நிலைகொள்ளாமல் தாவும். சவ்வை மாற்றி, கரைசலைக் குமிழி இல்லாமல் நிரப்பினால் தீர்ந்தது. ஆப்டிகலின் எண் சத்தமில்லாமல் உண்மையிலிருந்து விலகும். கேப்பை வரப்பில் வெயிலில் போட்டுவைத்தால் சாயம் வெளுக்கும். எப்படிப் பார்த்துக்கொண்டாலும் ஒன்றிரண்டு வருடத்தில் கேப் மாற்ற வேண்டும், அதுவும் மலிவில்லை.

காலிப்ரேஷன், அதாவது மீட்டரின் எண்ணைச் சரிசெய்வது, இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஈர ஸ்பாஞ்சு வைத்த கப்பில் புரோபை வைத்து, முனையில் நீர்த்துளி இல்லாமல் ஒற்றியெடுத்து, வெப்பநிலை நிற்கும்வரை பொறுத்து 100 சதவீதம் வைக்க வேண்டும். நாம் கடல் மட்டத்தில் இருப்பதால் உயரத் திருத்தத் தொல்லை இல்லை.

பலர் தவறுவது சாலினிட்டியில், அதாவது தண்ணீரின் உப்பளவில். 28 டிகிரியில் காற்றோடு நிறைந்த நன்னீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 7.8 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கும். 30 பிபிடி (ஆயிரத்தில் 30 பங்கு) உப்பு நீரில் 6.6 அளவுதான். மீட்டரில் சாலினிட்டியைப் பூஜ்யமாக விட்டால், உண்மையில் 4 இருக்கும் குட்டை 4.7 காட்டும். ஆப்டிகலும் இதற்கு விதிவிலக்கில்லை. ஐப்பசி மழைக்குப் பிறகு குட்டையின் உப்பு இறங்கிவிடுவதால் சாலினிட்டி எண்ணை மறுபடி மாற்ற வேண்டும்.

ஒற்றைக் குட்டை, வாரம் ஒருமுறை புரோபோடு உட்கார வீட்டில் ஆள் உண்டு என்றால் மெம்ப்ரேன் போதும். ஆள் மாறி மாறி அளக்கிற பண்ணைக்கு ஆப்டிகல்தான். நான் ஆப்டிகலுக்கு மாறிவிட்டேன், பழைய மெம்ப்ரேன் மீட்டரை மட்டும் விற்கவில்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை இரண்டையும் ஒரே வாளியில் இறக்குவேன். அரை மில்லிகிராமுக்கு மேல் வித்தியாசம் வந்தால் இரண்டையும் கப்புக்குள் வைத்து மறுபடி ஆரம்பிப்பேன்.