மேர்ஃபியின் நீலப் புத்தகத்தோடு சில வருடங்கள்

திருகோணமலைக்குப் பக்கத்தில் உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதியில் முன்பதிவுக் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. ரேமண்ட் மேர்ஃபியின் 'இங்கிலிஷ் கிராமர் இன் யூஸ்' என்ற நீல அட்டை ஆங்கில இலக்கணப் புத்தகம் சில வருடங்களாக என் மேசையிலேயே இருக்கிறது. முதலில் 1985இல் வந்த புத்தகம். என்னிடம் உள்ளது 2019இல் வந்த ஐந்தாம் பதிப்பு, 145 பாடங்கள். இடது பக்கம் விளக்கம், வலது பக்கம் பயிற்சி. ஆட்கள் வராத மத்தியான நேரத்தில் ஒரு பாடத்தை முடித்துவிடலாம். வரிசையாகப் படிக்கவும் தேவையில்லை.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இதில் அதிகம் உதவுவது காலங்கள்தான். '2019இலிருந்து இங்கே வேலை செய்கிறேன்' என்று நாங்கள் நிகழ்காலத்தில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அதற்கு 'ஹாவ் பீன் வேர்க்கிங்' வேண்டும். பள்ளிக்கூடத்தில் இந்தக் காலத்தின் பெயரைப் பாடமாக்கினோம், அவ்வளவுதான். மேர்ஃபி அதைப் பல பாடங்களாகப் பிரித்து, சாதாரண இறந்தகாலத்துக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார்.

இடப்பெயருக்கு முன்னால் 'தி' எப்போது வரும் என்ற பாடங்களும் அருமை. அவற்றை எங்கள் ஊரை வைத்தே பழகலாம். மகாவலி கொட்டியாரக் குடாவில் கடலோடு சேருகிறது என்று எழுதும்போது மகாவலிக்குத் 'தி' உண்டு, கொட்டியாரக் குடாவுக்கு இல்லை. இந்து சமுத்திரத்துக்கு உண்டு, திருகோணமலைக்கு இல்லை.

குறை என்னவென்றால், நிறுத்தற்குறிகளுக்குத் தனிப் பாடம் கிடையாது. 'ஹூ', 'விச்' வரும் பாடங்களில் கமா பற்றிப் பேச்சு வருகிறது. அந்தப் பக்கங்களைத் தவறவிடாதீர்கள். அறைகளில் ஏசி இருக்கிறது என்று எழுதும்போது, இடையில் வரும் 'விச் ஃபேஸ் தி ஸீ' என்பதற்கு இரண்டு பக்கமும் கமா போட்டால் எல்லா அறைகளும் கடலைப் பார்த்தவை, எல்லாவற்றிலும் ஏசி. கமாக்களை எடுத்துவிட்டால் கடலைப் பார்த்த அறைகளில் மட்டும்தான் ஏசி என்ற அர்த்தம் வந்துவிடும். காசு கொடுத்து வருகிறவருக்கு இது சின்ன விசயம் இல்லை.

வாக்கியங்களை ஒட்டும் கமாவைப் பற்றி வேறு இடத்தில்தான் படிக்க வேண்டும். 'அறை தயார், நீங்கள் வரலாம்' என்பது தமிழில் இயல்பாக ஓடும். ஆங்கிலத்தில் இரண்டு முழு வாக்கியங்களை வெறும் கமாவால் ஒட்டக்கூடாது. முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ 'ஸோ', 'அண்ட்' போன்ற சொல்லோ வேண்டும். அப்புறம் அப்போஸ்ட்ரபி (') என்ற குறி. உரிமையைக் காட்ட அது எப்படி வரும் என்பதற்கு மேர்ஃபியிலேயே பாடம் உண்டு. நிலாவெளி வீதியில் 'ரூம்ஸ்' என்று பன்மையில் எழுதிய பலகைகளில்கூட எஸ்ஸுக்கு முன்னால் அதைப் போட்டுவிடுகிறார்கள். அது உரிமையைக் காட்டவும் 'இட் இஸ்' போன்றவற்றைச் சுருக்கவும் வரும் குறி, பன்மைக்கு அதற்கு வேலையில்லை.

விளக்கம் முழுக்க ஆங்கிலத்தில்தான். அடிப்படையே தடுமாறுகிறவர்கள் இதே ஆசிரியரின் சிவப்பு அட்டைப் புத்தகத்தை முதலில் எடுக்கலாம். விடைகள் இல்லாத பதிப்பும் கடைகளில் வரும். தனியாகப் படிக்கிறவர்கள் பின்பக்கத்தைப் பார்த்து, விடைகள் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.