பழைய டெஸ்க்டாப்புக்கு எஸ்எஸ்டியா, ரேமா, கிராபிக்ஸ் கார்டா? உப்புக்காற்று ஊரிலிருந்து ஓர் அலசல்

பாம்பனில் என் ஜெராக்ஸ் கடையில் ஓடும் கம்ப்யூட்டர் நான்காம் தலைமுறை இன்டெல் ஐ3 பிராசசர் கொண்டது. முன்பு அதில் இருந்தவை எச்81 சிப்செட் உள்ள மதர்போர்டு, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். காலையில் ஸ்விட்சைப் போட்டுவிட்டு, வாசல் பெருக்கி, சாமி படத்துக்குப் பூ வைத்துவிட்டு வந்தாலும் விண்டோஸ் 10 இன்னும் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். இதற்கு நான்கு வழிகள் இருந்தன: ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி போடுவது, தற்காலிக நினைவகமான ரேமைக் கூட்டுவது, கிராபிக்ஸ் கார்டு செருகுவது, அல்லது எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுப் புதுசு வாங்குவது. ராமநாதபுரத்தில் கடைக்காரத் தம்பி, “மொத்தமா மாத்திருங்கண்ணே” என்றார். நான் எஸ்எஸ்டி போட்டேன். அதன் பக்கம் சாய்ந்துதான் இதை எழுதுகிறேன்.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஹார்டு டிஸ்க்கில் தட்டு சுழன்று, ஹெட் நகர்ந்து ஒரு கோப்பைத் தொடவே 10 மில்லி விநாடிக்கு மேல் ஆகும். எஸ்எஸ்டிக்கு 0.1 கூட ஆகாது. விண்டோஸ் ஏறும்போது இப்படி ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைத் தொடுகிறது, அவ்வளவுதான் சூட்சுமம். எச்81 போர்டு வைத்திருப்பவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள். அந்த சிப்செட்டில் டிஸ்க்கின் கேபிளைச் செருகும் சாட்டா போர்ட்டுகளில் இரண்டுதான் 6 ஜிபிபிஎஸ் வேகம், மற்றவை 3. போர்ட்டுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். டார்ச் அடித்துப் பார்த்துச் செருகுங்கள். மாற்றிச் செருகினாலும் ஓடும், ஆனால் பெரிய கோப்புகளை நகலெடுக்கும்போது பாதி வேகம்தான் கிடைக்கும்.

இனி எங்கள் ஊர்ப் பிரச்சினையான உப்புக்காற்றுக்கு வருகிறேன். கடலோரக் காற்றில் உலோகம் அரித்துப்போவதை ஆராய்வதற்கென்றே காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி, பக்கத்து ஊரான மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தனிப் பூச்சும் தேவைப்பட்டன. டெஸ்க்டாப்புக்கு யார் பூச்சு பூசுவது?

உப்பு படிவது மட்டும் என்றால் துடைத்துவிட்டுப் போகலாம். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால், படிந்த உப்பு ஈரத்தை இழுத்துத் தானாகவே உப்புநீராகிவிடுகிறது. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், உலோகத்தையும் தின்னும். ஓடுகிற மெஷின் தன் சூட்டிலேயே உலர்ந்திருக்கும். அணைத்து ஆறிப்போன மெஷினில்தான் இந்த வேலை நடக்கிறது. மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கேபினட்டைத் திறந்தால் பின்பக்கத் தகடுகளில் துரு பொரிந்திருக்கும். ஃபேன் இறக்கைகளின் ஓரத்தில் தூசியும் உப்பும் சேர்ந்து பிசுபிசுவென்று ஒட்டியிருக்கும். புளோயர் வைத்து ஊதினால் அது போகாது, பிரஷ்ஷால்தான் தேய்த்து எடுக்க வேண்டும்.

ஆகவே எந்தப் பாகம் வாங்கினாலும் நான் முதலில் கேட்பது, இது வெளிக்காற்றை உள்ளே இழுக்குமா என்பதைத்தான். ஹார்டு டிஸ்க் மூடிய பெட்டி மாதிரித் தெரிந்தாலும் அதன் மேல் ஒரு குண்டூசித் துளை இருக்கும், மூடாதே என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும். உள்ளும் வெளியும் காற்றழுத்தம் சமமாக இருக்க அந்தத் துளை வேண்டும். அதிலுள்ள வடிகட்டி தூசியைத் தடுக்கும், ஈரத்தை முழுக்கத் தடுக்காது. 2.5 அங்குல எஸ்எஸ்டியில் மோட்டார் இல்லை, ஃபேன் இல்லை, சூடும் குறைவு. காற்றுபடத் திறந்திருக்கும் மின்தொடர்பு, டேட்டாவுக்கும் பவருக்குமான இரண்டு கனெக்டர்கள்தான். பராமரிப்பு என்று சொல்ல அதில் பெரிதாக ஒன்றுமில்லை.

ரேமுக்கும் ஃபேன் கிடையாது. ஆனால் அதன் ஓரத்தில் வரிசையாக இருக்கும் பொன்பூச்சுத் தொடுமுனைகள் ஸ்லாட்டில் வெறுமனே அழுத்திக்கொண்டு நிற்பவை. நடுவில் படலம் பிடித்தால் திரை வராது, பீப் சத்தம் மட்டும் வரும். கழற்றி வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை உதறிவிட்டுச் செருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும். குரோமில் பத்துப் பதினைந்து டேப் திறந்து வைப்பவர்களுக்கு 8 ஜிபி தேவைதான், நானும் எஸ்எஸ்டிக்கு அப்புறம் பழைய 4 ஜிபி ஒன்று வாங்கிப் போட்டேன். ஆனால் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் ரேம் இரண்டாவதுதான். இந்தப் போர்டில் போடும் டிடிஆர்3 வகை ரேம் அடுத்த கம்ப்யூட்டருக்கு உதவாது, அதற்குப் பிந்தைய வகையான டிடிஆர்4 ஸ்லாட்டில் அது உட்காரவே உட்காராது. சாட்டா எஸ்எஸ்டியைக் கழற்றிப் புதுசில் மாட்டிக்கொள்ளலாம்.

கிராபிக்ஸ் கார்டு கடை வேலைக்குத் தேவையில்லை. போட்டால் இன்னொரு ஃபேன் சேரும், பழைய பவர் சப்ளையையும் மாற்ற வேண்டிவரும். கேம் ஆடுபவர்கள், கல்யாண வீடியோ எடிட் செய்பவர்கள் கணக்கு வேறு, அதில் எனக்குப் பழக்கம் கிடையாது.

புதுசு வாங்கச் சொன்ன தம்பியின் பேச்சிலும் நியாயம் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். அடுத்தவர் ஆதாரும் பாஸ்புக்கும் வந்துபோகிற கம்ப்யூட்டரில் பாதுகாப்பு அப்டேட் இல்லாமல் ஓட்டுவது சரியில்லை. அதனால் எஸ்எஸ்டியில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினேன். பிரவுசர், பிரிண்டர் இரண்டும் சிக்கலில்லாமல் ஓடுகின்றன. கைரேகைக் கருவி வைத்து வேலை செய்பவர்களுக்கு, அது லினக்ஸில் ஓடுமா என்று தெரியாமல், இதையே சொல்ல எனக்குத் தைரியமில்லை, அவர்கள் புதுசு வாங்குவதே நல்லது.

எஸ்எஸ்டியிலும் ஒரு குறை உண்டு. ஹார்டு டிஸ்க் சாகும் முன் பல நேரம் கிரீச்சிட்டு எச்சரிக்கும், இது சத்தமே இல்லாமல் போய்விடக்கூடும். என்னுடையது இன்னும் புதுசு, இந்தக் காற்றில் எத்தனை வருடம் நிற்கும் என்று சாட்சி சொல்ல அனுபவம் போதாது. பழைய ஹார்டு டிஸ்க்கைத் தூக்கிப்போடாமல் வெளியே ஒரு உறையில் போட்டு, வாரம் ஒருமுறை முக்கியமான கோப்புகளை அதில் நகலெடுத்துக்கொள்கிறேன். வாங்கும்போது எம்.2 என்ற, போர்டிலேயே நேராகச் செருகும் பட்டை வடிவ எஸ்எஸ்டியைக் கொடுத்தால் வாங்காதீர்கள், எச்81 போர்டுகளில் பெரும்பாலும் அதற்கு இடமே இருக்காது. 2.5 அங்குல சாட்டா என்று கேட்டு, பில்லோடு வாங்குங்கள்.