ட்ரையர் ஸ்டார்ட் ஆகவில்லையா? நாமே பார்ப்பதா, ஏரியா ரிப்பேர் பாஸைக் கூப்பிடுவதா, கம்பெனிக்குச் சொல்வதா

கொழும்பில் ட்ரையர் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் மாடி வீட்டுக்காரர்கள்தான். பெல்கனியில் கொடி கட்டக்கூடாது என்று நிர்வாகம் சொல்லும், கட்டவிட்டாலும் ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடியோடு வருகிற மழை எதையும் காயவிடாது, வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் என்றால் கடற்காற்றில் காய்ந்த உடுப்பே பிசுபிசுக்கும். அப்படிப்பட்ட வீட்டில் ட்ரையர் நின்றுவிட்டால் உடனே வருகிற கேள்வி, "யாரைக் கூப்பிடலாம்?" என்னைக் கேட்டால் ஆளை அப்புறம் தேடலாம். பட்டனை அழுத்தும்போது மெஷின் என்ன சத்தம் போடுகிறது என்று முதலில் காதைக் கொடுத்துக் கேளுங்கள். யாருக்குக் காசு கொடுக்க வேண்டும், கொடுக்கத்தான் வேண்டுமா என்பதை அது சொல்லிவிடும்.

சத்தமும் இல்லை, லைட்டும் எரியவில்லை என்றால் யாரையும் கூப்பிட வேண்டாம், முதலில் நீங்களே பாருங்கள். அதே பிளக் பொயின்ட்டில் ஒரு கேத்தலையோ அயர்ன் பொக்ஸையோ போட்டுப் பாருங்கள். போன் சார்ஜரைப் போட்டுவிட்டு "கரண்ட் வருகுதே" என்று சொல்வதில் பிரயோசனமில்லை, ஏனென்றால் உள்ளே வயர் லூசாகிக் கருகியிருந்தாலும் சார்ஜருக்குப் போதுமான கரண்ட் வந்துவிடும். ஹீட்டர் வைத்த சாதாரண ட்ரையர் 2000 முதல் 2500 வாட் வரை இழுக்கும், நம்முடைய 230 வோல்ட்டில் அது ஏறக்குறைய 9 முதல் 11 அம்பியர். மூன்று சதுரக்கால் 13 அம்பியர் பிளக்குக்குள் ஒரு சின்ன உருளை பியூஸ் இருக்கிறது என்பதே பல பேருக்குத் தெரியாது. அது போயிருந்தால் மெஷின் செத்த மாதிரி நிற்கும், மாற்ற ஆகும் செலவு ஒரு பிளேன்டீக் காசு. ஆனால் மாற்றியதும் திரும்பவும் போனால் அதோடு நிறுத்துங்கள், வெள்ளிப் பேப்பர் சுற்றிப் போடுகிற வேலை வேண்டாம். பிளக்கைக் கழற்றும்போது ஒரு கால் ஓரமாகப் பழுப்பு நிறத்தில் உருகியிருந்தால் பெரும்பாலும் குற்றவாளி ட்ரையர் இல்லை, நடுவில் செருகியிருக்கிற மலிவு எடப்டர் அல்லது எக்ஸ்டென்ஷன் வயர். ட்ரையரை நேராகச் சுவரில்தான் போட வேண்டும். ட்ரிப் சுவிட்ச் விழுந்திருந்தால் ஒரு தடவை தூக்கிப் பார்க்கலாம். உடனே மறுபடி விழுந்தால் மெஷினுக்குள் எங்கோ கரண்ட் கசிகிறது, பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

லைட் எரிகிறது, ஆனால் ஸ்டார்ட் அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை என்றாலும் பாதி நேரம் இது வீட்டுக்குள்ளேயே தீர்கிற விஷயம். சின்னப் பிள்ளைகள் உள்ள வீடு என்றால் சைல்ட் லொக்கைப் பாருங்கள், யாராவது டிலே ஸ்டார்ட்டை வைத்துவிட்டார்களா என்றும் பாருங்கள். கதவை முழங்காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டை அழுத்துங்கள். அப்படி அழுத்தும்போது மட்டும் ஓடினால் கதவுப் பூட்டின் பிளாஸ்டிக் பல் தேய்ந்திருக்கிறது அல்லது சுவிட்ச் போய்விட்டது. தண்ணீரைத் தொட்டியில் சேர்க்கிற கண்டென்சர் மெஷின் என்றால், தொட்டி நிறைந்தாலே ஓடாது. தொட்டியை ஊற்றியும் தண்ணீர் லைட் அணையவில்லை என்றால் அடியில் உள்ள மிதவையில் பஞ்சு அடைத்திருக்கும். கரண்ட் போய் வந்த பிறகு மெஷினை இயக்குகிற எலெக்ட்ரோனிக் போர்ட் குழம்பிப் போவதும் சகஜம், பத்து நிமிஷம் பிளக்கைக் கழற்றி வைத்துப் போட்டால் பல மெஷின்கள் சரியாகிவிடும். இத்தனைக்கும் ஸ்க்ரூ டிரைவரே தேவையில்லை.

"ம்ம்ம்" என்று முனகுகிறது, ட்ரம் சுற்றவில்லை. இந்தச் சத்தம் வந்தால் திரும்பத் திரும்ப ஸ்டார்ட்டை அழுத்தாதீர்கள், மோட்டார் சூடாகிக் கருகும். பிளக்கைக் கழற்றிவிட்டுக் கையால் ட்ரம்மைச் சுற்றிப் பாருங்கள். இறுகி நின்றால் ட்ரம்முக்கும் சட்டத்துக்கும் நடுவில் சின்னச் சொக்ஸோ ஊக்கோ மாட்டியிருக்கலாம். ஓரளவு இழுவையோடு சுற்றினால் பெரும்பாலும் மோட்டாரைக் கிளப்பிவிடுகிற கப்பாசிட்டர் போயிருக்கும். பிடிமானமே இல்லாமல் சும்மா வழுக்கிச் சுற்றினால் பெல்ட் அறுந்திருக்கிறது, அப்போது சில மெஷின்களில் மோட்டார் மட்டும் ஓடுகிற சத்தம் கேட்கும், சிலவற்றில் பெல்ட் சுவிட்ச் எல்லாவற்றையும் நிறுத்திவிடும். இங்கேதான் நான் கம்பெனியை விட்டுவிட்டு ஏரியா ரிப்பேர் பாஸின் பக்கம் சாய்கிறேன். பெல்ட்டும் கப்பாசிட்டரும் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் தேடினால் கிடைக்கக்கூடிய சாமான்கள், பழையதைக் கையில் கொண்டுபோய்க் காட்டி வாங்கலாம், கப்பாசிட்டர் என்றால் அதில் எழுதியிருக்கும் அதே மைக்ரோபாரட் அளவில். நல்ல பாஸ் உங்கள் கண் முன்னாலேயே பின்தகட்டைக் கழற்றுவார், உள்ளே கம்பளி மாதிரி அப்பியிருக்கும் சாம்பல் நிறப் பஞ்சையும், அதில் பின்னிக்கிடக்கும் சேலை ஜரிகை நூலையும் எடுத்துக் காட்டுவார், கடற்காற்றில் பச்சை பூத்த வயர் முனைகளைச் சுரண்டி இறுக்கிவிடுவார். கம்பெனி ஆள் இந்தச் சுரண்டல் வேலையை அநேகமாகச் செய்யமாட்டார், முழுப் பாகத்தையும் மாற்றச் சொல்வார். கப்பாசிட்டரைக் கழற்றுகிற வேலையை மட்டும் நீங்களே செய்யப் போகாதீர்கள், பிளக்கைக் கழற்றிய பிறகும் அதற்குள் கரண்ட் தங்கியிருக்கும்.

பாஸிடம் எனக்குள்ள ஒரே பயம் அந்த வசனம்தான்: "தெர்மல் பியூஸ் போயிட்டுது அக்கா, டிரெக்ட் பண்ணி விடுறன்." தெர்மல் பியூஸ் என்பது இரண்டு காலோடு ஹீட்டர் அல்லது காற்றுப்பாதை அருகே இருக்கும் சின்னச் சாமான், அளவுக்கு மீறிச் சூடேறினால் ஒரே தடவை எரிந்து ஹீட்டரையோ முழு மெஷினையோ நிறுத்திவிடும். அது போனது என்றால் காற்று போகவில்லை, பஞ்சு அடைத்திருக்கிறது, அல்லது சூட்டைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட் பிழை. காரணத்தை விட்டுவிட்டு வயரை நேராக இணைத்தால் மெஷின் ஓடும்தான், ஆனால் அடுத்த தடவை சூடேறும்போது நிறுத்த ஒன்றும் இருக்காது. பஞ்சு எப்படிப் பற்றும் என்பதற்கு பிரிட்டனில் நடந்ததைப் பாருங்கள்: ஹீட்டரில் பஞ்சு பட்டுத் தீப்பிடிக்கலாம் என்று வேர்ல்பூல் 2015இல் எச்சரித்தது, 2004 ஏப்ரல் முதல் 2015 செப்டெம்பர் வரை செய்த ஹொட்பொயின்ட், இன்டெசிட் போன்ற மெஷின்கள் அதில் அடங்கும், 2019இல் திருத்தப்படாதவற்றைத் திரும்பப் பெறவே வேண்டி வந்தது. லண்டன் மாமா கொள்கலனில் போட்டு அனுப்பிய மெஷின் உங்களிடம் இருந்தால் கதவு ஓரத்து ஸ்டிக்கரில் மொடல் நம்பரைப் பார்த்துவிட்டுத்தான் ரிப்பேருக்குக் காசு போடுங்கள்.

கனடா சித்தி அனுப்பியது என்றால் கதை இன்னும் சுருக்கம். அங்கத்தைய சாதாரண மின்சார ட்ரையரில் ஹீட்டருக்கு 240 வோல்ட், மோட்டாருக்கு 120 வோல்ட், அதுவும் 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ட்ரான்ஸ்போர்மர் வைத்தாலும் ஹேர்ட்ஸ் மாறாது. அதை ஓடவைக்கிறேன் என்று சொல்லும் எந்த பாஸையும் நம்ப வேண்டாம்.

கம்பெனி சர்வீஸுக்கு இடமே இல்லை என்று சொல்லவரவில்லை. வாரண்டி ஓடிக்கொண்டிருந்தால் வேறு யாரும் ஸ்க்ரூவைத் தொடக்கூடாது, தொட்டால் அதையே சாட்டாக வைத்துக் கையை விரித்துவிடுவார்கள். திரையில் எழுத்தும் இலக்கமுமாக ஏதாவது மின்னினாலும், இன்வெர்ட்டர் மோட்டார் என்றாலும், ஹீட்டருக்குப் பதிலாக ஏசி மாதிரி வாயுவும் கம்ப்ரசரும் வைத்துச் சூடாக்குகிற ஹீட் பம்ப் மெஷின் என்றாலும் கம்பெனிதான் சரி. பல புது ஹீட் பம்ப் மெஷின்களில் இருப்பது ஆர்290, அதாவது புரொப்பேன், தீப்பற்றும் வாயு. ஏசி வேலை தெரிந்தவர் என்பதற்காக அதில் கை வைக்கவிட முடியாது. ஆனால் பொறுமை வேண்டும். வந்து பார்ப்பதற்கே ஒரு கட்டணம், போர்ட் போய்விட்டது என்றால் வெளிநாட்டிலிருந்து வரும்வரை கிழமைக்கணக்கில் காத்திருப்பு. அதிலும் போர்ட்டில் பல்லி செத்துக்கிடந்து ஷோர்ட் ஆகியிருந்தால் (சிரிக்காதீர்கள், நம் ஊரில் இது நிஜமாகவே நடக்கிற விஷயம்) வாரண்டி பெரும்பாலும் செல்லாது. போன் எடுப்பதற்கு முன் மொடல் நம்பரையும் திரையில் மின்னிய எழுத்து, இலக்கத்தையும் எழுதி வையுங்கள், ஒரு வருகை மிச்சமாகலாம்.

பழைய ஹீட்டர் மெஷினுக்குப் போர்ட்டே மாற்ற வேண்டும் என்று சொன்னால் நான் புதிதின் பக்கம். 7, 8 கிலோ உடுப்பைக் காயவைக்கப் பழையது 4 முதல் 5 யூனிட் வரை தின்னும், ஹீட் பம்ப் ஏறக்குறைய 2 யூனிட்டில் முடிக்கும். மாதம் 180 யூனிட்டைத் தாண்டுகிற வீட்டில் அந்த வித்தியாசம் பில்லில் தெரியும். விலை அதிகம், நேரமும் கூட எடுக்கும், கிழமையில் ஒரு தடவை மட்டும் போடுகிறவர்களுக்குக் கட்டுப்படியாகாது, அவர்கள் மழை நாளில் லோண்டரிக்குக் கொடுப்பதே மேல். வாங்கினால் டெலிவரிப் பையன்களிடம் லொறியில் மெஷினைப் படுக்க வைத்தார்களா என்று கேளுங்கள். படுக்க வைத்திருந்தால் நிமிர்த்திவைத்து, புத்தகத்தில் போட்டிருக்கிற மணிநேரம் விட்டு, மறுநாள் காலையில் போடுங்கள்.