நான்கு ஆண்டுகள், இரண்டு ரவுட்டர்கள், ஒரு பீரோ

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டின் அகலம் 11 அடி, நீளம் 58 அடி. தெருக்கதவைத் திறந்தால் பின்கட்டில் அடுப்பு எரிவது தெரியும். கீழ்த்தளத்தில் குறுக்கே மூன்று சுவர்கள். ஒவ்வொன்றும் ஒன்றரை அடி கனத்தில் செங்கல்லும் சுண்ணாம்பும். மாடி பிற்பாடு கட்டியது, கான்கிரீட். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் பொதுச்சுவர். இப்படிப்பட்ட வீட்டில் நான்கு ஆண்டுகளுக்கு மேல் வைஃபையோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகள் சிலவற்றுக்கு ஜிஎஸ்டி கணக்கு பார்ப்பது என் வேலை. மாதத்தில் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் இணைப்பு படுத்துக்கொண்டால் நானும் படுத்துக்கொள்ள வேண்டியதுதான். 2021 ஜூலையில் வேலையை முழுவதுமாக வீட்டுக்கே கொண்டுவந்தபோது, ஃபைபர் இணைப்போடு வந்த பெட்டி வாசல் அறையைத் தாண்டி எட்டவில்லை. நல்ல ரவுட்டராக ஒன்று வாங்கிவிடலாம் என்று அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு மெட்ரோ ஏறி, அரசினர் தோட்டத்தில் இறங்கி, ரிச்சி தெருவுக்கு நடந்தேன்.

நான்கு ஆன்டெனா நீட்டிக்கொண்டிருந்த ஒன்று பிடித்துப்போனது. அட்டைப்பெட்டியில் ‘ஏசி 1200’ என்று பெரிதாகப் போட்டிருந்தது. 1200 மெகாபிட் வேகம் என்று நினைத்து, 1,600 ரூபாய்க்கு வெற்றியோடு திரும்பினேன். அந்த 1200 எப்படி வருகிறது என்பது பிறகுதான் தெரிந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் 300, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் 867, இரண்டையும் கூட்டி, கிடைத்த 1167ஐ 1200 ஆக்கிவிடுகிறார்கள். கைபேசி ஒரு நேரத்தில் ஏதாவது ஒன்றில்தான் சேரும். அந்த ஒன்றிலும் பெட்டியில் அச்சிட்ட எண்ணில் பாதி வந்தாலே நல்ல வரவு. கணக்கு எழுதுகிறவளான நானே இந்தக் கூட்டலில் ஏமாந்தேன்.

அதைவிடப் பெரிய ஏமாற்றம் அடுத்த ஆண்டு வந்தது. 100 மெகாபிட் திட்டத்திலிருந்து 200க்கு மாறினேன். பணம் கூடியது, வேகம் கூடவில்லை. எத்தனை முறை சோதித்தாலும் 94. இணைப்பு கொடுத்தவரைத் தொலைபேசியில் அழைத்து ஒரு வாரம் சண்டை போட்டேன். அவர் பக்கத்தில் தவறே இல்லை. என் ரவுட்டரின் பின்புறம் கேபிள் செருகும் துளைகள் அத்தனையும் 100 மெகாபிட் வகை. வைஃபை எவ்வளவு வேகமாக இருந்தாலும் இணையம் நுழையும் வாசல் அவ்வளவுதான். 94க்கு மேல் விடாது. அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் ‘10/100’ என்று இருந்திருக்கிறது. ‘10/100/1000’ என்று இருந்தால்தான் அது 1000 மெகாபிட், அதாவது கிகாபிட். இன்று யாராவது ரவுட்டர் வாங்கப் போகிறேன் என்றால் ஆன்டெனாவை எண்ண வேண்டாம், அந்தப் பொடி எழுத்தைப் படியுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

2022 இறுதியில் கிகாபிட் துளைகளோடு ஒரு வைஃபை 6 ரவுட்டர் வாங்கினேன், 3,400 ரூபாய். மாட்டியதும் 94 என்றே காட்டியது. அழுகையே வந்துவிட்டது. இந்த முறை குற்றவாளி ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் நடுவே இருந்த ஒரு முழம் கேபிள். அதற்குள் எட்டுக் கம்பிகள் உண்டு. 100 மெகாபிட்டுக்கு நான்கு போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். கிகாபிட்டுக்கு மட்டும் வேண்டிய அந்த மற்ற நான்கில் ஒன்று அறுந்திருந்தாலும் கருவிகள் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. புதுக் கேபிள் மாட்டிய மறு நிமிடம் 190ஐத் தாண்டியது. கேபிள் வாங்கும்போது முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள். செம்பு பூசிய அலுமினியக் கம்பியும் அதே நீல உறையில் விற்கிறது. இரண்டு முறை மடித்தால் உள்ளேயே ஒடிந்துவிடும்.

இனி பீரோ. ஃபைபர் வயர் வீட்டுக்குள் நுழையும் இடம் வாசல் அறை. அங்கே என் கல்யாணச் சீராக வந்த இரும்பு பீரோ, முழு நீளக் கண்ணாடியோடு நிற்கிறது. ரவுட்டர் அதன் தலையில் இருந்தது. இரும்பும் கண்ணாடியின் பின்பூச்சும் ரேடியோ அலைக்கு மதில் மாதிரி. உலகத்தின் சிறந்த ரவுட்டரை அங்கே வைத்தாலும் அலை தெருவுக்குத்தான் நன்றாகப் போகும். எதிர் வீட்டுத் திண்ணையில் எங்கள் வைஃபை முழுக் கோட்டோடு வந்ததற்கு அதுவே காரணம். வயரை நீட்டி, மாடிப்படி திரும்பும் இடத்தில் ஆறடி உயரத்தில் ஒரு பலகை அடித்து ரவுட்டரை ஏற்றினேன். வீட்டுக்கு ஏறக்குறைய நடு. ரவுட்டர் மாற்றியதில் கிடைக்காத பலன் இந்த 40 ரூபாய்ப் பலகையில் கிடைத்தது. ஆன்டெனாக்களையும் சாமி கும்பிடுவதுபோல் எல்லாம் நேராக நிறுத்தியிருந்தேன். அலை ஆன்டெனாவின் பக்கவாட்டில் பரவும், நுனியின் திசையில் குறைவு. மாடிக்காக இரண்டைப் படுக்கவைத்தேன்.

அந்த மாற்றத்தின்போது நானே ஒரு வினையையும் இழுத்துவைத்தேன். மிச்சமிருந்த ஃபைபர் வயரைச் சுருட்டி, மடித்து, பீரோவுக்குப் பின்னால் திணித்தேன். இரண்டு நாளில் ஃபைபர் பெட்டியில் சிவப்பு விளக்கு. சரிபார்க்க வந்த தம்பி, ஒளியின் அளவைக் காட்டும் சின்ன மீட்டரைச் செருகிப் பார்த்து, “மைனஸ் 29 காட்டுகிறது அக்கா, வயரை எங்கேயாவது மடித்தீர்களா?” என்றார். அந்த எண் மைனஸ் 27க்குக் கீழே போனால் பெட்டியால் ஒளியைச் சரியாகப் படிக்க முடிவதில்லை. உள்ளே இருப்பது கண்ணாடி இழை. இறுக்கி மடித்தால் ஒளி வளைவிலேயே கசிந்துவிடும். அகலமான வளையமாகச் சுற்றி ஆணியில் தொங்கவிட்டார், மைனஸ் 20க்கு வந்தது. காசு வாங்க மறுத்துவிட்டார், மோர் மட்டும் குடித்தார்.

மாடியில் அத்தை இருக்கிறார். அவருக்குத் தொலைக்காட்சித் தொடர் நின்று நின்று ஓடினால் வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்காது. பரணில் தூங்கிய பழைய ஏசி 1200 இங்கேதான் கைகொடுத்தது. அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, முகவரி வழங்கும் டிஹெச்சிபி வேலையை அணைத்து, கீழிருந்து வரும் கேபிளை இணையத்துக்கான துளையில் செருகாமல் மற்ற நான்கில் ஒன்றில் செருகினேன். அவ்வளவுதான், பழையது மாடிக்கான வைஃபை முனையாகிவிட்டது. அதன் 94 ஒரு தொலைக்காட்சிக்குத் தாராளம். இந்த வேலைக்கு ரிப்பீட்டர் வாங்காதீர்கள். மலிவான வகை ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் பாதியாகிவிடும். மொட்டைமாடி வழியாக வந்த கேபிளின் முனை மட்டும் இரண்டு மழைக்காலத்தில் பச்சைப் பூத்துவிட்டது. காசிமேட்டுக் காற்று ஜன்னல் கம்பியையே தின்கிறது, இது எம்மாத்திரம்? இப்போது கேபிள் படிக்கட்டு வழியாகத்தான் போகிறது.

அமைப்புகளைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. எங்கள் தெருவில் என் கைபேசிக்கு 24 வைஃபை பெயர்கள் தெரிகின்றன. ஒருவர் ‘கடன் கேட்காதீர்’ என்று வைத்திருக்கிறார். இந்த நெரிசலில் 2.4க்கு 20 மெகாஹெர்ட்ஸ் அகலம், 1, 6, 11 சேனல்களில் ஆள் குறைந்த ஒன்று என்று நானே குறித்துவிட்டேன். அந்த மூன்றும்தான் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை. பாதுகாப்புக்கு டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த முறை; டபிள்யூபிஏ3ஐ மட்டும் வைத்தால் அத்தையின் தொலைக்காட்சி உள்ளே வர மறுத்தது. கடவுச்சொல் அடிக்காமல் பொத்தானை அழுத்தியே கருவிகளைச் சேர்க்கும் டபிள்யூபிஎஸ் அணைக்கப்பட்டது. நிர்வாகப் பக்கத்தின் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிட வேண்டும், இதில் சோம்பல் கூடாது.

மின்வெட்டுக்காக 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கி ரவுட்டருக்குக் கொடுத்தேன். முதல் மின்வெட்டில் ரவுட்டர் ஜம்மென்று எரிந்தது, இணையம் இல்லை. ஃபைபர் பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும் என்பதை யோசிக்கவே இல்லை! இரண்டு முனை உள்ளதாக மாற்றினேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றபோது அதுவும் பயன்படவில்லை. தெருவில் ஒளியைப் பிரிக்கும் பெட்டிகளுக்கு மின்சாரம் தேவையில்லை, ஆனால் ஆபரேட்டரின் அலுவலகத்தில் உள்ள கருவிக்குத் தேவை. அங்கே இருட்டு என்றால் இங்கே விளக்கு எரிந்து என்ன பயன்? சாதாரண ஒரு மணி நேர மின்வெட்டுக்கு மட்டும் அதை நம்பலாம்.

சென்ற ஆண்டு புது ரவுட்டர் மாலை ஏழு மணி ஆனால் தானாக அணைந்து எழுந்தது. போயே போய்விட்டது என்று அடுத்ததுக்கு விலை விசாரித்துவிட்டேன். அக்கா மகன்தான் அடாப்டரைத் திருப்பிப் பார்த்தான்: 12 வோல்ட், 1 ஆம்பியர். ரவுட்டருக்கு 1.5 வேண்டும். வெள்ளையடித்தபோது செட்டாப் பாக்ஸின் அடாப்டரோடு மாறியிருக்கிறது. எல்லோரும் வீடு திரும்பிக் கைபேசிகள் சேரும் நேரத்தில் அதற்கு மூச்சு முட்டியிருக்கிறது. அடாப்டர்கள் மேல் இப்போது பெயர் எழுதிய பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறேன்.

இன்றைக்கு வாசல் அறையிலும் என் மேசையிலும் 180க்குக் குறைவதில்லை. பின்கட்டுச் சமையலறையில் மட்டும் மூன்றாவது சுவரைத் தாண்டி ஒற்றைக் கோடுதான் வருகிறது. இன்னொரு முனை வைக்கலாம், கேபிளும் மிச்சம் இருக்கிறது. “அடுப்படியில் கைபேசி எதற்கு?” என்கிறார் அத்தை. கடைக்காரர்கள் வீடியோ அழைப்பில் வரும்போது, சிக்னல் இல்லை என்று சொல்ல எனக்கும் ஓர் இடம் வேண்டும், அதனால் அப்படியே விட்டுவிட்டேன்.